சிப் போட்ட பிறகு இழுவை குறைந்த வி8: இக்னிஷன் டைமிங் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1988ஆம் ஆண்டு ஷெவர்லே கமாரோ. 5.7 லிட்டர் வி8 எஞ்சின், டியூன்டு போர்ட் இன்ஜெக்‌ஷன், 4 கியர் ஆட்டோமேட்டிக். இப்போதைய உரிமையாளர் வாங்கும்போதே ஈசிஎம்மில் (எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரில்) தொழிற்சாலைச் சிப் இல்லை. அந்த இடத்தில், கூடுதல் சக்திக்காக வெளியில் வாங்கிப் போடும் ஒரு பெர்ஃபார்மன்ஸ் சிப் இருந்தது. பழைய சிப் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. சிப்போடு வந்த ஒரு தாள் மட்டும் டாஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தது. அதில் இரண்டு நிபந்தனைகள்: 160 டிகிரி பாரன்ஹீட் (71 டிகிரி செல்சியஸ்) தெர்மோஸ்டாட் போட வேண்டும், 91 அல்லது அதற்கு மேற்பட்ட ஆக்டேன் பெட்ரோல் ஊற்ற வேண்டும். பேஸ் டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பு பிளக்கில் பொறி அடிக்க வேண்டும் என்பதன் அடிப்படை அளவு) பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முன்பு பார்த்த ஒரு பணிமனை, சிப் போட்ட வண்டிக்கு டைமிங்கையும் சற்று ஏற்றி வைப்பது நல்லது என்று சொல்லி, 6 டிகிரியில் இருக்க வேண்டியதை 10 டிகிரிக்குக் கொண்டுபோயிருந்தது. புகார் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

மிதியைப் பாதி அழுத்தும்வரை வண்டி துடிப்பாக ஓடியது. முழுதாக மிதித்தால் 3,000 ஆர்பிஎம் தாண்டியதும் இழுவை அப்படியே நின்றுபோனது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மோட்டார் திணறியது. ஓரிரு முறை பின்னுக்கு உதைத்தது. ரேடியேட்டர் விசிறிகள் எஞ்சின் சூடேறியபின் ஒருபோதும் நிற்கவில்லை. நாக்கிங் சத்தம் (எரிதல் தறிகெடும்போது எழும் உலோகத் தட்டல்) எதுவும் கேட்கவில்லை. சிப் போலி என்று உரிமையாளர் முடிவுகட்டி, அதைப் பிடுங்கிவிடச் சொல்லித்தான் வண்டியைக் கொண்டுவந்தார்.

இந்த எஞ்சினில் டைமிங் எப்படி உருவாகிறது

இது புரியாமல் பின்வருவது எதுவும் புரியாது. எனவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தக் கோணத்தில் இறுக்கப்பட்டிருக்கிறதோ அதுவே பேஸ் டைமிங். செல்ஃப் அடிக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னிஷன் மாட்யூல் ஈசிஎம்மைக் கேட்காமல் இந்தக் கோணத்திலேயே பொறியைத் தருகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கி ஏறத்தாழ 400 ஆர்பிஎம் தாண்டியதும் ஈசிஎம் பைபாஸ் கம்பியில் 5 வோல்ட் அனுப்பும். அந்த நொடியிலிருந்து பொறியின் நேரத்தை ஈசிஎம் தீர்மானிக்கிறது. எந்த ஆர்பிஎம்மில், எவ்வளவு சுமையில் எத்தனை டிகிரி அட்வான்ஸ் (பொறியை முன்கூட்டித் தருதல்) என்ற அட்டவணை சிப்பில் இருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதை ஈசிஎம்மால் அறிய முடியாது. 6 டிகிரியில் நிற்கிறது என்று சிப்பில் எழுதியிருப்பதை நம்பி, மீதியைக் கணக்கிட்டுக் கூட்டுகிறது. எனவே டிஸ்ட்ரிபியூட்டரை 4 டிகிரி ஏற்றினால், ஐட்லிங் முதல் உச்ச ஆர்பிஎம் வரை அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் 4 டிகிரி கூடிவிடும். பெர்ஃபார்மன்ஸ் சிப்பின் அட்டவணையில் தேவையான அட்வான்ஸ் ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரையும் ஏற்றுவது ஒரே வேலையை இரண்டு முறை செய்வதாகும். சிப்பின் தாள் பேஸ் டைமிங் பற்றிப் பேசவில்லை என்றால், பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் தொழிற்சாலை அளவுதான் செல்லும்.

மூன்றாவது அடுக்கு நாக் சென்சார். எரிதல் தறிகெட்டு உலோகத் தட்டல் எழுந்தால், சென்சார் அதைக் கேட்டு ஈசிஎம் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. எஞ்சினைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. ஆனால் தவறான டைமிங்கை மறைத்தும் விடுகிறது: காதுக்குச் சத்தம் எட்டுவதற்குள் டைமிங் இறங்கிவிடுகிறது, ஓட்டுநருக்குத் தெரிவது இழுவை இல்லாமை மட்டுமே. டைமிங் ஏற்றினால் சக்தி கூடும் என்று எண்ணி ஏற்றியவருக்கு வண்டி சோம்பிப்போவதன் காரணம் இதுதான்.

முதல் ஆய்வில் கண்டவை

ஈசிஎம்மில் சேமித்த கோட் (பிழைக் குறியீடு) எதுவும் இல்லை. லேப்டாப்பை டயக்னாஸ்டிக் கனெக்டரில் இணைத்து ஒரு முறை மட்டும் முழு மிதியில் ஓட்டிப் பதிவு எடுக்கப்பட்டது. 3,200 ஆர்பிஎம் முதல் நாக் ரிடார்டு (நாக்கிங் கேட்டு ஈசிஎம் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்த அளவு) 9 முதல் 10 டிகிரி. மிதியை விடும்வரை அது இறங்கவே இல்லை. அத்துடன் முழு மிதிச் சோதனை நிறுத்தப்பட்டது. காரணம் தெரியும்வரை பிஸ்டனைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

சென்சார் உண்மையைத்தான் சொல்கிறதா என்பது அடுத்த கேள்வி. எஞ்சினை 1,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி, சென்சாருக்கு அருகே பிளாக்கின் மீது சிறிய சுத்தியலால் மெதுவாகத் தட்டியதும் ரிடார்டு ஏறியது. தட்டுவதை நிறுத்தியதும் இறங்கியது. சென்சார் உயிரோடு இருக்கிறது.

பிறகு பைபாஸ் கனெக்டரைக் கழற்றி டைமிங் லைட் (பொறி அடிக்கும் கணத்தில் மின்னி டைமிங் குறியைக் காட்டும் விளக்கு) பிடித்துப் பார்த்ததில் குறி 10 டிகிரியில் நின்றது. அடுத்து கனெக்டரை மாட்டி, சுமையில்லாமல் 2,500 ஆர்பிஎம்மில் வைத்து, ஸ்கேனில் தெரியும் அட்வான்ஸும் லைட்டில் தெரியும் அட்வான்ஸும் ஒப்பிடப்பட்டன. ஸ்கேன் 30 என்றது, லைட் 34 என்றது. வித்தியாசம் 4 டிகிரி. பேஸில் கூடுதலாக இருந்ததும் அதே 4. கணக்கு அழகாகப் பொருந்தியது.

முதல் முடிவு: டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாதிருத்தல்

இந்த இடத்தில் குறியை 6க்கு இறக்கி வண்டியை அனுப்பியிருக்கலாம். பெரும்பாலான பணிமனைகள் அப்படித்தான் செய்யும். இங்கே அப்படிச் செய்யாததற்கு மூன்று காரணங்கள்.

10 டிகிரி பேஸில் இந்த எஞ்சின் செல்ஃப் மோட்டாரைப் பின்னுக்கு உதைப்பது வழக்கமில்லை. 4 டிகிரி கூடுதலுக்கு 10 டிகிரி ரிடார்டு என்பதும் மிகை. மூன்றாவதாக, கிராங்க் பேலன்சரின் (கிராங்க் தண்டின் முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரத்தின்) மையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே உள்ள ரப்பர் ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. டைமிங் கோடு அந்த வெளிவளையத்தில்தான் இருக்கிறது. ரப்பர் பிடிப்பு விட்டு வளையம் நகர்ந்தால் கோடும் நகரும். ஸ்கேனும் லைட்டும் ஒத்துப்போனது எதையும் நிரூபிக்கவில்லை: பேஸ் அளவும் 2,500 ஆர்பிஎம் அளவும் அதே கோட்டைப் பார்த்து எடுத்தவை. கோடு பொய்யானால் இரண்டும் சேர்ந்தே பொய்யாகும்.

டிடிசி சரிபார்ப்பு

பேட்டரி இணைப்பு கழற்றப்பட்டது. எட்டு பிளக்குகளும் வெளியே எடுக்கப்பட்டன. அப்போதுதான் கிராங்க் கையால் இலேசாகச் சுழலும். 1ஆம் சிலிண்டர் (இந்த எஞ்சினில் ஓட்டுநர் பக்க வரிசையின் முதலாவது) பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பர் முறுக்கப்பட்டது. பிஸ்டன் உச்சிக்குப் போகும் முன்பே முட்டி நிற்கச் செய்யும் திருகு அது. கிராங்க் போல்டில் ஸ்பானர் போட்டு, பிஸ்டன் முட்டும்வரை கடிகாரத் திசையில் மெதுவாகத் திருப்பி, டைமிங் தகட்டின் 0க்கு நேராகப் பேலன்சரில் ஒரு கோடு. பிறகு எதிர்த் திசையில் முட்டும்வரை திருப்பி இன்னொரு கோடு. ஸ்டாப்பர் உள்ளே இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டன் உடையும். பேட்டரி கழற்றுவது அதற்காகத்தான்.

பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளி, அதாவது உண்மையான டிடிசி, இரு கோடுகளுக்கும் சரிநடுவில் இருக்கும். கோடுகளுக்கு இடையே வளையத்தின் மீது 124 மி.மீ. இருந்தது, 62 மி.மீட்டரில் புதிய குறி இடப்பட்டது. தொழிற்சாலைக் கோடு அதிலிருந்து சுழற்சித் திசையில் 7 மி.மீ. முன்னால் இருந்தது. வளையத்தின் சுற்றளவு 638 மி.மீ.; 360ஆல் வகுத்தால் டிகிரிக்கு 1.77 மி.மீ. ஆக, கோடு 4 டிகிரி முன்னுக்கு ஓடியிருக்கிறது.

வளையம் சுழற்சித் திசையில் முன்னோக்கி நகர்ந்தால், லைட் காட்டுவதைவிட உண்மையான அட்வான்ஸ் அதிகம். குறி 10 என்றபோது எஞ்சினில் இருந்தது 14. ஈசிஎம் 6 என்று நம்பியிருக்க, அட்டவணை முழுவதும் 8 டிகிரி மிகையாக ஓடியிருக்கிறது. செல்ஃப் உதைத்ததற்கும் ரிடார்டு 10 வரை போனதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. பழைய கோட்டை நம்பி 6 வைத்திருந்தால் உண்மையில் 10 வைத்ததாகியிருக்கும்.

இரண்டாம் முடிவு: பேலன்சரை மாற்றுதல்

புதிய கோடு போட்டு அதை வைத்தே ஓட்டலாமே என்று உரிமையாளர் கேட்டார். மறுக்கப்பட்டது. ஒருமுறை நகர்ந்த வளையம் மறுபடியும் நகரும்; ரப்பர் முற்றிலும் பிய்ந்தால் வளையம் கழன்று ரேடியேட்டர் பக்கம் பாயவும் கூடும். புதிய பேலன்சர் வரும்வரை வண்டி நின்றது.

பழையதைக் கழற்ற, மையத்தில் போல்ட் பிடிக்கும் மூன்று துளை புல்லர் பயன்பட்டது. வளையத்தின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் புல்லர் ரப்பரைப் பிய்த்துவிடும். புதியதை ஏற்ற இன்ஸ்டாலர் திருகு; சுத்தியலால் அடித்து ஏற்றினால் கிராங்க்கின் த்ரஸ்ட் பேரிங் அடிவாங்கும். ஏற்றிய பின் ஸ்டாப்பர் வைத்து மீண்டும் அளந்ததில் புதிய கோடும் டிடிசியும் 0இல் ஒன்றாக நின்றன. புதிய பொருளாயிற்றே என்று இதை விட்டுவிடக் கூடாது. டைமிங் தகடு வளைந்திருந்தாலோ வேறு எஞ்சினுடையதாக இருந்தாலோ இங்கேதான் தெரியவரும்.

எல்லாம் திறந்திருக்கும்போதே டைமிங் செயினின் தளர்வும் பார்க்கப்பட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்க்கைத் திசை மாற்றித் திருப்பி, ரோட்டார் அசையத் தொடங்கும்வரை எத்தனை டிகிரி வீணாகிறது என்று அளப்பது முறை. 4 டிகிரி வந்தது. இந்த வயது எஞ்சினுக்கு ஏற்கத்தக்கது. பதிவேட்டில் எழுதி வைக்கப்பட்டது.

பேஸ் டைமிங் வைத்தல்

எஞ்சின் முழுச் சூட்டில், ஏசி அணைத்து, கியர் பார்க்கில், கைப்பிரேக் போட்டு. பைபாஸ் கனெக்டர் என்பது பழுப்பு நிறத்தில் கறுப்புக் கோடு ஓடும் ஒற்றைக் கம்பி. மாடலுக்கு மாடல் அது இருக்கும் இடம் மாறும் என்பதால் நிறத்தை வைத்தே தேட வேண்டும். அதைக் கழற்றியதும் ஐட்லிங் ஒலி மாறி, அட்வான்ஸ் இறங்கியது. மாறவில்லை என்றால் வேறு கம்பியைக் கழற்றியிருக்கிறோம் என்று பொருள்.

லைட்டின் கிளிப் 1ஆம் பிளக் கம்பியில், அம்புக்குறி பிளக்கை நோக்கி. கோணம் திருப்பும் வசதியுள்ள லைட் என்றால் முதலில் 0இல் வைக்க வேண்டும். முந்தைய வேலைக்குத் திருப்பிய எண்ணை அப்படியே விட்டுவிட்டு அளந்தவர்கள் பலர்.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடி போல்ட், உடல் கையின் இறுக்கத்துக்கு மட்டும் நகரும் அளவுக்குத் தளர்த்தப்பட்டது. இந்த எஞ்சினில் மேலிருந்து பார்த்தால் ரோட்டார் கடிகாரத் திசையில் சுழலும். உடலை எதிர்த் திசையில் திருப்பினால் அட்வான்ஸ் கூடும், கடிகாரத் திசையில் திருப்பினால் குறையும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில் ஓடுவதால், குறியில் 8 டிகிரி இறக்க உடலை 4 டிகிரி திருப்பினால் போதும். கையில் அது 2, 3 மி.மீ. மட்டுமே. நகர்ந்ததே தெரியவில்லையே என்று ஓங்கித் திருப்புவதால்தான் தேவையான அளவைத் தாண்டிப் போகிறது.

6இல் வைத்து போல்டை இறுக்கியபோது உடல் சற்றே இழுபட்டு 7.5 ஆயிற்று. மீண்டும் தளர்த்தி, 4.5இல் வைத்து இறுக்கியதும் 6இல் நின்றது. இறுக்கிய பின் பார்த்த அளவே அளவு. எஞ்சினை அணைத்து கனெக்டரை மாட்டி, கழற்றி ஓட்டியதால் பதிவான கோட் 42ஐ அழிக்கப் பேட்டரி கழற்றி இணைக்கப்பட்டது. பின் 2,500 ஆர்பிஎம்மில் ஸ்கேன் 30, லைட் 30.

பெட்ரோலும் தெர்மோஸ்டாட்டும்

தாளில் 91 என்று இருந்தது. உரிமையாளரும் 91தான் ஊற்றிவந்தார். இரண்டும் வேறு 91. தாளில் இருந்தது ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரு ஆக்டேன் அளவுகளின் சராசரி. அவர் நிரப்பிய பம்பில் எழுதியிருந்தது ஆர்ஓஎன் மட்டும். ஒரே பெட்ரோலுக்கு ஆர்ஓஎன் எண், சராசரி எண்ணைவிட வழக்கமாக 4, 5 கூடுதலாக வரும். ஆர்ஓஎன் 91 என்பது அந்தத் தாளின் கணக்கில் ஏறத்தாழ 87. தாள் கேட்ட 91க்கு ஆர்ஓஎன் 95 அல்லது 96 வேண்டும். டேங்கை ஏறக்குறைய காலியாகும்வரை இலேசாக ஓட்டி, ஆர்ஓஎன் 98 நிரப்பச் சொல்லப்பட்டது. நேர்மையாக எண்ணைப் பார்த்து ஊற்றியவர் மீது இதில் குற்றம் இல்லை.

விசிறிகள் நிற்காததற்குக் காரணம் வேறு. சிப், விசிறி தொடங்கும் வெப்பத்தை இறக்கியிருந்தது. ஸ்கேனில் 80 டிகிரியிலேயே விசிறி ஓடியது. ஆனால் வண்டியில் இருந்தது தொழிற்சாலையின் 91 டிகிரி தெர்மோஸ்டாட். தண்ணீர் 91க்குக் கீழே இறங்க அது விடாது, எனவே விசிறியும் நிற்காது. 82 டிகிரி தெர்மோஸ்டாட்டும் யோசிக்கப்பட்டு, அதே சிக்கல் தொடரும் என்று கைவிடப்பட்டது. சிப்பின் மற்ற அட்டவணைகளும் அந்தச் சூட்டை வைத்தே எழுதப்பட்டிருக்கும் என்பதால், தாள் சொன்ன 71 போடப்பட்டது.

சாலைச் சோதனை

முழு மிதியில் 4,000 ஆர்பிஎம் வரை நாக் ரிடார்டு 0. இழுவை திரும்பியது. ஆனால் 4,400 அருகே ஒவ்வொரு முறையும் 2 முதல் 3 டிகிரி ரிடார்டு எட்டிப் பார்த்தது.

இது மெய்யான நாக்கிங்கா, வேறு ஏதோ உலோகச் சத்தமா? பேஸை 6இலிருந்து 4க்கு இறக்கி அதே ஓட்டம் ஓட்டப்பட்டது. மெய்யான நாக்கிங் என்றால் குறைய வேண்டும். அதே ஆர்பிஎம்மில் அதே 2, 3 டிகிரி வந்தது. அப்படியானால் சத்தம் எரிதலிலிருந்து வரவில்லை. தேடியதில் ஏசி கம்ப்ரஸர் பிராக்கெட்டின் பின் போல்ட் தளர்ந்து, குறிப்பிட்ட அதிர்வில் பிராக்கெட் பிளாக்கைத் தட்டிக்கொண்டிருந்தது. இறுக்கியதும் ரிடார்டு மறைந்தது. பேஸ் மீண்டும் 6.

இந்த நிலையில் சென்சாரின் கம்பியைக் கழற்றிவிடுவதையோ, அதன் த்ரெட்டில் டேப் சுற்றிக் காதை மங்கவைப்பதையோ சிலர் தீர்வாகச் சொல்வதுண்டு. சிப் போட்ட எஞ்சினில் அது மிக ஆபத்தானது. அட்வான்ஸ் அதிகம் கேட்கும் எஞ்சினுக்குத்தான் அந்தச் சென்சார் மிகவும் தேவை.

பின்தொடர்ந்தவை

இரண்டாம் நாள் எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி இழுக்கவே இல்லை என்று உரிமையாளர் அழைத்தார். கோட் 42. பைபாஸ் கனெக்டர் உள்ளே தள்ளப்பட்டிருந்தது, ஆனால் கிளிப் பூட்டவில்லை. பள்ளத்தில் குலுங்கி விலகியிருக்கிறது. பைபாஸ் அறுந்ததும் ஈசிஎம்மின் கட்டுப்பாடு போய், எஞ்சின் கிட்டத்தட்ட பேஸ் டைமிங்கிலேயே ஓடியிருக்கிறது. பேஸ் 14இல் இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகத் தெரிந்திருக்காது என்பதும் குறிப்பிடத்தக்கது. கிளிப்பின் உடைந்த பல் காரணமாகக் கனெக்டரே மாற்றப்பட்டது. பிழை பணிமனையுடையது.

1,500 கி.மீ. கழித்துப் பார்த்ததில் பேஸ் 6இல் நகராமல் இருந்தது. சூட்டில் ஸ்டார்ட் சிக்கலில்லை. விசிறிகள் நின்று நின்று ஓடுகின்றன. சிப் பிடுங்கப்படவில்லை.

என்ன மாற வேண்டும்

பைபாஸ் கனெக்டரை மாட்டிய பின் இழுத்துப் பார்ப்பதும், 10 கி.மீ. ஓட்டிய பிறகு கோட் படிப்பதும் இப்போது வேலைத்தாளில் தனி வரிகளாகச் சேர்ந்துவிட்டன. ஆக்டேன் எண்ணைக் கேட்கும்போது அது எந்த அளவுமுறை என்பதும் சேர்த்தே கேட்கப்படுகிறது.

டிடிசி சரிபார்ப்பு முதல் நாளே, லைட்டை எடுக்கும் முன்பே நடந்திருக்க வேண்டும். ரப்பர் பேலன்சர் உள்ள பழைய எஞ்சினுக்குச் சுமார் ஒரு மணி நேர வேலை அது; இங்கே பல அளவீடுகளை எடுத்து, அவை ஒத்துப்போனதைக் கண்டு சற்றே நிம்மதி அடைந்த பிறகுதான் அதற்கு வந்தார்கள். பிராக்கெட் போல்டுகளும் அப்படியே: நாக் சென்சார் உள்ள வண்டியில் சாலைச் சோதனைக்கு முன் எஞ்சினில் தொங்கும் ஒவ்வொன்றின் போல்ட்டையும் ஸ்பானர் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு ஓட்டங்கள் மிச்சமாகியிருக்கும்.

பானெட்டுக்கு அடியில், தொழிற்சாலை ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், அழியாத மையில் எழுதிய ஒரு தகடு ஒட்டப்பட்டிருக்கிறது: சிப் உண்டு, பேஸ் 6 டிகிரி, பைபாஸ் கழற்றி அளக்கவும், தெர்மோஸ்டாட் 71 டிகிரி, பெட்ரோல் ஆர்ஓஎன் 98, செயின் தளர்வு 4 டிகிரி. கீழே அளந்த தேதி.